பக்கத்து வளவு அத்திவாரம்

வவுணதீவு
10.09.2023

என் தங்கச்சி தக்ஷாயினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்கக் கோயில் அம்மாளை வேண்டுகிறேன். போன மாதம் இருமிக்கொண்டிருந்தாயே, நின்றதா? மாதச் சுகயீனம் பிந்திப் பிந்தி வருவதாகவும் சொன்னாய். எல்லாப் பழியையும் குளிரின் தலையில் போட்டுவிட்டு இருக்காதே, டொக்டரிடம் காட்டு.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னவாம் புள்ள? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. தனியே பேசினாலும் உன் முகத்தைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிடும். எழுதும்போது அழுகை வந்தால் பேனையை வைத்துவிட்டுப் பிறகு எழுதலாம்.

போன வாரம் உன் அத்தானும் நானும் கொழும்புக்குப் போய் வந்தோம். வீட்டில் பாடசாலைப் பயிற்சி என்று சொல்லிவைத்தோம். கலியாணம் முடித்து ஏழு வருடம் எத்தனை நேத்திக்கடன், எத்தனை மருந்து. அங்கே டொக்டர் ஸ்கானைப் பார்த்து ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். என் சூலகத்தில் கருமுட்டைகள் தீர்ந்துவிட்டனவாம். முப்பத்தைந்து வயதில், ஐம்பது வயதுக்காரியின் சூலகமாம். திரும்பி வரும்போது, ஊருக்குள் நுழையும் வலையிறவுப் பாலத்தில் வைத்து அத்தான், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

நீ ஆராய்ச்சி என்று எலியின் சூலகத்தோடுதானே அங்கே மல்லுக்கட்டுகிறாய். எனக்குச் சொல். நான் எதைத் தின்றதால் இது வந்தது? அல்லது எதைத் தின்னாததால்? தூங்கும் முட்டைகளை எழுப்பும் மருந்து பற்றி ஒருமுறை சொன்னாயே, அது எனக்கு உதவுமா? என் அறிக்கையின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பக்கத்து வளவில் உன் வீட்டுக்கு அம்மா அத்திவாரம் போட்டுவிட்டா. மூத்தவளுக்குத் தன் வீட்டைத் தந்தாயிற்றாம், இளையவளுக்கும் சீதனமாக ஒன்று கட்டினால்தான் தாய் என்று தலை நிமிர்ந்து நடக்கலாமாம். நீ இன்னும் ஓம் சொல்லவில்லை, மாமாவின் மகன் நிதுர்ஷன் அதற்குள் மாப்பிள்ளை மாதிரி வந்து அத்திவாரத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

பதில் போடு.

உன் அக்கா,
அஜந்தா


சப்போரோ
02.10.2023

என் அருமை அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது. மற்றது குளிரும் வேலையும்தான், அதற்கெல்லாம் டொக்டர் வேண்டாம். அப்பாவின் முழங்கால் எப்படி? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாவா?

உன் கடிதத்தை ஆய்வுகூடத்துக்கு வெளியே படியில் இருந்து வாசித்தேன். முதலில் இதைக் கேள்: நீ தின்றதாலோ தின்னாததாலோ இது வரவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் அனுப்பு.

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்குரிய முட்டைகள் எல்லாம் அவளோடு வந்துவிடுகின்றன. நாம் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே நம் முட்டைகளும் அங்கே இருந்தன. பிறகு ஒன்றும் புதிதாக உண்டாவதில்லை. ஒவ்வொன்றும் தன் சின்னப் பைக்குள் வருடக்கணக்காகத் தூங்கும். கலத்துக்குள் 'எழும்பு, வளர்' என்று ஒரு செய்தி கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். அதை மறித்துப் பிடிப்பது பீடென் என்ற நொதியம். அதற்காகத்தான் நான் இங்கே வந்து கிடக்கிறேன்.

அந்த நொதியம் அப்பா மாதிரி. வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாக இருந்து அப்பா எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பார்! எல்லோருடைய வயலுக்கும் இன்றைக்கே தண்ணீர் வேண்டும். அப்பா முறைப்படி ஒவ்வொரு வாய்க்காலாகத்தான் திறப்பார். எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால் கதிர் முற்றுமுன் குளம் வற்றிவிடும். முட்டைக்குள் பீடென் இல்லாத எலிகளை இங்கே வளர்க்கிறோம். அவற்றில் எல்லா முட்டைகளும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக அழிந்து போகின்றன. இளம் எலிகள்தான் அக்கா, ஆனால் சூலகம் வெறுமை. உனக்குள் எந்த மடை தவறித் திறந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

எழுப்பும் மருந்து தூங்குகிற முட்டைக்குத்தான். உன் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுப்புவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் என்னிடம் இருக்கின்றன. எனக்கு இருபத்தொன்பது வயது. என் முட்டைகளை உனக்குத் தருகிறேன். அத்தானிடம் கேள். நீ சுமந்து, நீ பெறு. எனக்குச் சின்னம்மா என்ற பெயர் போதும்.

உன்,
தக்ஷி


வவுணதீவு
05.11.2023

என் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், இப்போது முன்னையை விட இரண்டு மடங்கு. இங்கே மழை தொடங்கிவிட்டது. அப்பா வட்டையிலேயே கிடக்கிறார்.

உன் கடிதத்தை வாசித்து முதலில் உன்னை ஏசினேன். கலியாணமாகாத பெண் இப்படியெல்லாம் பேசலாமா என்று. அன்று முழுக்க வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே படிப்பிக்கவில்லை. அத்தானிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "உங்கட தங்கச்சிட காலத் தொட்டுக் கும்புடணும் கா" என்றார்.

டொக்டர் அப்போதே வேறொருத்தியின் முட்டை பற்றிச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நம் பக்கத்தில் குடி, வம்சம் எல்லாம் தாய் வழியாகத்தானே வருகிறது. பெயர் தெரியாதவளின் முட்டையில் வரும் பிள்ளைக்கு நாளைக்குக் கோயிலில் எந்தக் குடி என்று சொல்வது? ஆனால் உன்னுடையது என்றால் அது அம்மாவின் குடிதான். உன் பிள்ளையும் என் பிள்ளையும் எப்படியும் ஒரே குடி. இது இரவல் இல்லை தக்ஷி, வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு எடுத்து வைப்பது.

ஒரு பிழையும் செய்துவிட்டேன். சந்தோசம் தாங்க முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தா. பிறகு, "எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளயப் பெத்தது வீண்போகல்ல" என்றா. அடுத்த நாளே நாம் காக்கா என்று கூப்பிடும் ஏறாவூர் மேசன் அசனாருக்குச் சொல்லி அனுப்பி, உன் வீட்டுக்குச் சுவர் கட்டச் சொல்லிவிட்டா. அக்காவுக்குக் கொடுக்கிற கைக்கு நிறையச் செய்ய வேண்டுமாம்.

எப்போது வருவாய்?

அக்கா


சப்போரோ
03.12.2023

அக்கா,

எல்லோருக்கும் என் அன்பு. நான் நல்ல சுகம். இங்கே பனி கொட்டுகிறது, நானோ உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவள் மாதிரி நடக்கிறேன்.

பேராசிரியரிடம் கேட்டு மாசியில் லீவு எடுத்துவிட்டேன். அடுத்த கிழமை இங்குள்ள வைத்தியசாலையில் எனக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும். சும்மா ஒரு சடங்குக்குத்தான். முடிவு வந்ததும் கொழும்பு டொக்டருக்கு அனுப்புவேன்.

பிள்ளைக்கு என் மூக்கு வந்தால் என்னை ஏசக் கூடாது. உன் வாய் வராமலிருந்தால் அது அதன் அதிர்ஷ்டம். நிதுர்ஷனிடம் அத்திவாரத்தில் ஏறி நின்றது போதும், ஒரு கல்லையாவது தூக்கிக் கொடு என்று சொல். ஓம், அது ஓம்தான். அம்மாவிடமும் சொல்.

உன் தக்ஷி


வவுணதீவு
07.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? புது வருடம் பிறந்தும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போனிலும் வெள்ளத்தைப் பற்றியும் பனியைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அம்மா பக்கத்தில் நிற்பதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வட்டை முழுக்க வெள்ளம். அப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக அலைகிறார். உன் வீட்டு அத்திவாரத்துக்கும் தண்ணீர் வந்து போனது, ஒரு கல்லும் அசையவில்லை. அசனார் காக்காவின் வேலை அப்படி.

மாமா வீட்டார் வந்து வைகாசியில் கலியாணத்தை வைக்கலாமா என்று கேட்டார்கள். அம்மாள் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிந்த கையோடு வைப்போம் என்று அம்மா சொல்லிவிட்டா. கொழும்பு டொக்டர் உன் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்கிறார். தபாலில் தவறிவிட்டதா? அத்தான் மாசி மாதத்துக்கு லீவு போட்டுவிட்டார். நான் சின்ன அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். அவசரம்தான், ஏசாதே.

அக்கா


வவுணதீவு
11.02.2024

தக்ஷி,

உனக்கு உடம்பு சுகமில்லையா? அதை மட்டுமாவது எழுது. மாசி வரப்போகிறது. நீ எந்த நாள் வருகிறாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


சப்போரோ
25.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அம்மா அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாசியில் வர முடியாது. ஆய்வு முக்கியமான கட்டத்தில் இருக்கிறது, பேராசிரியர் லீவு தரவில்லை. மற்ற விசயத்தையும் யோசித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். என்னால் முடியாது. டொக்டர் முன்பு சொன்னபடி வேறொருவரின் முட்டையை ஏற்றுக்கொள். பிள்ளை பிள்ளைதான்.

நிதுர்ஷனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லவும். எனக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை. இங்கேயே வேலை தேடலாம் என்றிருக்கிறேன்.

வீட்டு வேலையை நிறுத்தச் சொல்.

தக்ஷாயினி


வவுணதீவு
17.03.2024

தக்ஷாயினிக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

நான் உன்னிடம் கேட்டேனா? கடிதத்தில் நீதான் முதலில் எழுதினாய். என் வாயில் சோற்றை வைத்துவிட்டு, விழுங்கும் நேரத்தில் கையை விட்டுத் தோண்டி எடுத்திருக்கிறாய். அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? வெள்ளை அடித்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகவே பயம்.

நிதுர்ஷன் வந்து ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டுப் போனான். "அவக்கு அங்க ஆரும் இரிக்காங்களாக்கா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஒவ்வொரு மாதமும் உனக்குள் ஒரு முட்டை வீணாகப் போகிறது. அதில் ஒன்றை எனக்குத் தர உனக்கு மனமில்லை. எலிக்குச் செலவழிக்கும் காலத்தில் கொஞ்சத்தைக் கூடப்பிறந்தவளுக்குச் செலவழிக்க மனமில்லை. படிப்பு உன்னைக் கல்லாக்கிவிட்டது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அஜந்தா


சப்போரோ
28.04.2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்குத் தைலம்.

நீ எழுதியதற்கு நான் ஒன்றும் பதில் சொல்லப் போவதில்லை. நீ கோபப்படலாம். குளிர்த்திக்குப் போகும்போது எனக்காகவும் ஒருமுறை கும்பிடு. வீட்டுக்கு வாங்கிய கல்லில் அம்மா மாட்டுக்கொட்டில் கட்டட்டும்.

தக்ஷி


வவுணதீவு
09.06.2024

தக்ஷி,

நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை சடங்குக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே எப்படி இருக்கிறாய்?

குளிர்த்தி முடிந்ததும் கொழும்புக்குப் போனோம். உன் மேலிருந்த ஆத்திரத்தில், குடியாவது மண்ணாங்கட்டியாவது, பெயர் தெரியாதவளின் முட்டைக்கே ஓம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இந்த முறை வேறொரு டொக்டர், பெண். நிதானமாக எல்லாவற்றையும் கேட்டு எழுதினா. "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்றா. இருக்கிறாள் என்று வெடுக்கென்று சொன்னேன். "அவங்களையும் சீக்கிரம் செக் பண்ணச் சொல்லுங்க. சில குடும்பங்கள்ல இது அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்குமே வரும்" என்றா.

ஒன்றுக்கும் ஓம் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்தபடி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாதச் சுகயீனம் பிந்திப் பிந்தி வருகிறது என்றாய். டிசம்பரில் ஸ்கானுக்குப் போவதாக எழுதினாய். அதற்குப் பிறகு உன் கடிதம் எதிலும் எலியும் இல்லை, நொதியமும் இல்லை, சிரிப்பும் இல்லை. படிப்புத்தான் காரணம் என்று எழுதியவள் அந்தப் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

நான் உனக்கு என்ன எழுதினேன் தக்ஷி? மாதம் ஒரு முட்டை வீணாகப் போகிறது என்றேனே. என் கை அழுகிப் போகாதா?

அந்த ஸ்கானில் என்ன இருந்தது? சொல்.

உன் அக்கா


சப்போரோ
01.07.2024

என் அக்காவுக்கு,

நீ சுகமாக இரு. உன் கைக்கு ஒன்றும் வரக் கூடாது. அந்தக் கையால்தான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாய்.

ஒன்றுமில்லை அக்கா. அந்த ஸ்கானில் ஒன்றுமே இல்லை.

டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார், நான் இந்தத் துறைக்காரி என்பதால் மரியாதைக்கு. அவர் வாய் திறக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வெறுமையான சூலகம் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. இரத்த முடிவும் அதையே சொன்னது. உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மாதிரி. எந்த மடை திறந்தது என்று இன்னும் தெரியாது. பீடெனாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அம்மாவின் வயிற்றிலேயே இருவரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. எலிக்கு எது பிந்துகிறது, எது முந்துகிறது என்று எழுதி வைக்கிறவள் நான். என் உடம்பில் பிந்தியதைக் குளிர் என்று விட்டுவிட்டேன். உன் அறிக்கையைப் பார்த்தபோதும் என்னைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. கொடுக்கப் போகிறவள் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

சொல்லியிருந்தால் உனக்காக அழுகிற நீ எனக்காகவும் அழுதிருப்பாய். அம்மாவுக்கு ஒரு மகளிலாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். கல்நெஞ்சுக்காரி என்றால் ஏசிவிட்டு இருந்துவிடுவீர்கள் என்று நம்பினேன். நிதுர்ஷனுக்கு நான் ஓம் சொன்ன கடிதம் உனக்குக் கிடைக்கு முன்பே எனக்கு முடிவு வந்துவிட்டது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று எழுது. இல்லை, எழுதாதே.

உன் மார்ச் மாதக் கடிதத்தை வாசித்துவிட்டு உள்ளே போய் எலிகளுக்குத் தீன் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் சொல்லாதே.

உன் தக்ஷி


வவுணதீவு
28.07.2024

என் தங்கமே,

நான் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்று கேட்டால் அதுவும் பொய். அம்மாவும் அப்பாவும் சுகம்.

நிதுர்ஷனுக்குத் தேற்றாத்தீவில் பெண் முடிந்துவிட்டது. போன மாதம் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். எழுத வேண்டாம் என்றாய். பிறர் வாயால் கேட்பதை விட என்னிடமிருந்து கேள்.

கொழும்புக்கு இனி எப்போது போவது என்று அத்தானிடம் கேட்டேன். "தக்ஷி வரட்டும் கா, மறுகா பாப்பம்" என்றார். எனக்காக அழாத மனுசன் உனக்காக அழுதுவிட்டார்.

சொல்லாதே என்றாய். எனக்கு அது தாங்கவில்லை. உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். அம்மா பக்கத்து வளவில் அசனார் காக்காவோடு நின்றா. நீ நிறுத்தச் சொன்ன வேலை நிற்கவே இல்லை. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. "இப்ப வேணாம் எண்டுவாள், மறுகா ஓம் எண்டுவாள். நிதுர்ஷன் இல்லாட்டி வேற ஒருத்தன். ஊடு இரிந்தா மாப்புள வருவான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறா. என்னைக் கொண்டு நடக்காதது உன்னைக் கொண்டு நடக்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறா. அதற்காகத்தான் அந்தச் சுவர்.

என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டா. நீ அனுப்பிய போர்வையை அந்த வெயிலில் தோளில் போட்டிருந்தா.

"அஜந்தா, இஞ்ச வா கா. தக்ஷிட மகளுக்கு எந்த அற நல்லம்? காத்து வாற பக்கம் எது?"

என் இடுப்பில் உன் கடிதம் குத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அசனார் காக்கா கையில் கல்லோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிழக்குப் பக்கம்" என்றேன். "வாவிக் காத்து அதாலதான் வரும்."

அவர் கிழக்குச் சுவரில் யன்னலுக்கு இடம் விட்டு அடுத்த கல்லை வைத்தார். அம்மா சிரித்தா.

நீ வா தக்ஷி. ஓடு போடுமுன் வா. தனியே என்னால் சொல்ல முடியாது.

உன் அக்கா,
அஜந்தா